இரண்டரை வயது மகளுடன் முதல் ஊர்க் கிறிஸ்துமஸ்: அத்தை வீட்டில் தங்குவதா, விடுதியில் தங்குவதா?

பனிநாட்டுத் தாய் | செப்டம்பர் 14

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டொராண்டோவை அடுத்த மிசிசாகாவில் வசிக்கிறோம். எங்கள் மகளுக்கு இரண்டு வயது இரண்டு மாதம் ஆகிறது. என் கணவருடைய சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னக் கிராமம். மகள் பிறந்த பிறகு ஒருமுறைகூட ஊருக்குப் போக முடியவில்லை. அத்தை தம் பேத்தியைக் கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். டிசம்பர் 19 அன்று புறப்பட்டு ஜனவரி 7 அன்று திரும்புவதாகப் பயணச்சீட்டு எடுத்துவிட்டோம். இரண்டு வயது முடிந்துவிட்டதால் மகளுக்கும் தனி இருக்கை எடுத்திருக்கிறோம்.

என்னை உறுத்திக்கொண்டிருப்பவை இரண்டு. அத்தை இருப்பது பழைய ஓட்டு வீடு. குளிர்சாதன வசதி கிடையாது, முற்றத்தில் கிணறு இருக்கிறது, கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பனிக்காலத்து டொராண்டோவிலிருந்து வருகிற பிள்ளை அங்கே தாங்குவாளா என்று பயந்து, என் நாத்தனார் திருச்செந்தூரில் ஒரு நல்ல விடுதியில் அறை எடுத்துக்கொண்டு பகலில் மட்டும் வீட்டுக்கு வந்துபோகச் சொல்கிறார். இதை அத்தையிடம் பக்குவமாகச் சொன்னபோது அவர்கள் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "உத்தரத்துல தொட்டில் கட்டக் கொக்கி மாட்டச் சொல்லிட்டேனே, அத என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டார்கள். தொட்டிலில் படுக்கும் வயதை மகள் தாண்டிவிட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது, என் கணவர் போட்டு வைத்திருக்கும் பட்டியல். கன்னியாகுமரி, குற்றாலம், மணப்பாடு, வேளாங்கண்ணி, மதுரை என்று பதினேழு நாளுக்குள் ஐந்து ஊர்களை அடுக்கியிருக்கிறார். சிறு பிள்ளையோடு டிசம்பரில் அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

முத்துநகர்வாசி | செப்டம்பர் 14

சகோதரி, நான் தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவன். வெயிலை நினைத்து நீங்கள் கவலைப்படுகிறீர்கள். டிசம்பரில் எங்களைக் கவலைப்பட வைப்பது மழைதான். அந்த மாதத்தில் பகலில் 29 அல்லது 30 பாகை இருக்கும், இரவில் 23-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். மின்விசிறி ஓடினால் பிள்ளை நன்றாகவே தூங்குவாள். ஆனால் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முடியும் வரை எப்போது வேண்டுமானாலும் கொட்டலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்ததை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் திரும்ப வருவதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. பால்மாவுக்காக அந்தத் தந்தை தண்ணீரில் நடந்து போனதை நான் என் வாசலில் நின்று பார்த்தேன்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. எல்லா ஆண்டும் அப்படிப் பெய்வதில்லை. ஆனாலும் நான்கு நாளைக்குத் தேவையான டயப்பர், பால்மா, மருந்து, ரொக்கப் பணம் எப்போதும் கையில் இருக்கட்டும். திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே விமான நிலையம் இருக்கும் ஊருக்குப் போய்விடுங்கள். சென்னை வழியாக ரயிலில் வருவதாக இருந்தால், முன்பதிவு இப்போது 120 நாளுக்கு முன்பு அல்ல, 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பண்டிகை நாட்களுக்குத் திறந்த அன்றைக்கே இடம் தீர்ந்துவிடும்.

ஸ்டுட்கார்ட் தந்தை | செப்டம்பர் 15

நான் உங்கள் நாத்தனார் பக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டு வயது மகனோடு நாகர்கோவில் பக்கத்தில் உள்ள எங்கள் பாட்டி வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடினோம். ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு தொடங்கியது. உடம்பெல்லாம் கொசுக்கடி. வந்து போகிற உறவினர் எல்லாரும் தூக்கிக் கொஞ்சியதில் பிள்ளை மிரண்டுபோய் என் தோளைவிட்டு இறங்கவே இல்லை. கடைசி நான்கு நாள் விடுதிக்கு மாறிய பிறகுதான் அவன் ஒழுங்காகத் தூங்கினான், சாப்பிட்டான். பெரியவர்களின் மனம் நோகக் கூடாது என்று நாம் நினைக்கிறோம். அதற்கான விலையைக் கொடுப்பது பிள்ளையின் உடம்பு. முடிந்தால் இந்தப் பயணத்தையே பிள்ளைக்கு ஐந்து வயது ஆகும் வரை தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து.

தேரிக்காடு | செப்டம்பர் 15

ஸ்டுட்கார்ட் ஐயா சொல்லும் சிரமம் உண்மையானது. ஆனால் அதற்குக் காரணம் வீடுதான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் சாத்தான்குளத்துக்காரன், ஒவ்வோர் ஆண்டும் வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் நோய்ப்படுவதையும் தேறுவதையும் இருபது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நான் பார்த்தவரையில் படுத்துக்கொள்ளும் பிள்ளைகள் பெரும்பாலும் தினமும் வண்டியில் ஏற்றி இறக்கப்பட்ட பிள்ளைகள்தான். காலையில் ஓர் இடம், மதியம் கண்ட இடத்தில் சாப்பாடு, இரவு பதினொரு மணிக்கு வீடு என்று நான்கு நாள் ஓடினால் எந்தப் பிள்ளைக்கும் உடம்பு கெடும். திருச்செந்தூரில் அறை எடுத்தால் நீங்கள் செய்யப்போவதும் அதுதான். அதுவும் விடுமுறைக் காலத்தில் கோயிலுக்கு வரும் கூட்டத்துக்கு நடுவில், தினம் இரண்டு முறை.

ஒரே வீடு, ஒரே படுக்கை, ஒரே சாப்பாட்டு நேரம் என்று வைத்துப் பாருங்கள். அந்த வீட்டைப் பிள்ளைக்கு ஏற்றதாக்க மூன்று மாதம் இருக்கிறது. கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், இரண்டரை வயதுப் பிள்ளை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறிவிடும். படுக்கை அறை சன்னலுக்குக் கொசுவலை அடித்து, ஒரு இன்வெர்ட்டரும் வைத்துவிட்டால் மின்வெட்டு வந்தாலும் விசிறி ஓடும். இரண்டு நாள் விடுதி வாடகையில் இதில் பாதி வேலை முடிந்துவிடும், அத்தைக்கும் அது பிறகு பயன்படும்.

உங்கள் கணவரின் பட்டியலில் மணப்பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கிறது; 1542-இல் சவேரியார் வந்து தங்கிய குகையும், 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயமும் கடலோர மணல்குன்றின் மேல் இருக்கின்றன. மாலையில் போய்க் காற்று வாங்கிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். வேளாங்கண்ணி 300 கிலோமீட்டருக்கும் மேல். மழைக்காலத்தில் குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வரும், குளிக்கத் தடை போடுவார்கள்.

இலண்டன் செவிலி | செப்டம்பர் 17

நான் குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் செவிலி. உங்கள் குழந்தையைப் பார்க்காமல் சொல்வதால், இதை மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றின் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பாவது பயண மருத்துவரைப் பாருங்கள். வழக்கமான தடுப்பூசிகள், முக்கியமாகத் தட்டம்மை ஊசி, வயதுக்கு உரியபடி முடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வயது நிறைந்துவிட்டதால் டைபாய்டு ஊசி போடலாம். ஹெபடைடிஸ் ஏ ஊசி பற்றியும் கேளுங்கள். தெருநாய் கடித்தாலோ, பிறாண்டினாலோ, காயம் சிறியதுதானே என்று காத்திருக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். ஆகவே கொசுவலை இரவுக்கு மட்டும் என்று நினைக்காமல், பகல் தூக்கத்துக்கும் அதற்குள்ளேயே படுக்க வையுங்கள். அந்தக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஊர் வீட்டு முற்றத்தில் கவிழ்க்காமல் கிடக்கும் பழைய ஆட்டுரல், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டியின் தட்டு எல்லாம் மழைக்குப் பிறகு அதற்குத் தொட்டில்தான். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் போதும். நீங்கள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அத்தை இதைச் செய்யத் தொடங்கினால் நல்லது.

காய்ச்சல் மருந்து விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. கனடாவில் நீங்கள் வாங்கும் குழந்தைகள் பாராசிட்டமால் திரவத்தில் 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம் மருந்து இருக்கும். இந்தியாவில் 120, 125, 250 என்று பல அளவுகளில் கிடைக்கிறது. ஒரே கரண்டி அளவை ஊற்றினால் கொடுக்கும் மருந்து ஒன்றரை மடங்குக்கு மேல்கூட ஆகிவிடலாம். புட்டியில் உள்ள எண்ணைப் படித்து, பிள்ளையின் எடைக்குக் கணக்குப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று: டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை இபுப்ரோஃபென் கலந்த மருந்து எதுவும் வேண்டாம், அது இரத்தக் கசிவைக் கூட்டும். மருந்துக் கடையில் பாராசிட்டமாலோடு அதைச் சேர்த்த கலவையும் கிடைக்கும், பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

விமானத்தில் தூங்க வைக்கச் சளி மருந்து கொடுக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூச்சுவிடுவதையே அது மந்தமாக்கக் கூடும். சில பிள்ளைகளுக்கு எதிர்மாறாக வேலை செய்து இரவு முழுவதும் கத்த வைக்கும்.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்ட பொட்டலத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்கிவிடக் கூடாது.

மெல்பர்ன் தாத்தா | செப்டம்பர் 18

முப்பது ஆண்டுகளாக நடுக்கோடையில் கிறிஸ்துமஸ் கொண்டாடி வருகிறவன் என்ற முறையில் வெயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸை ஒட்டி 40 பாகைகூட எட்டிவிடும். விக்டோரியா மாநிலத்தில் 1981-இல் தொடங்கிய 'ஸ்லிப், ஸ்லோப், ஸ்லாப்' பிரசாரத்தால் சட்டை, களிம்பு, தொப்பி மூன்றும் இல்லாமல் என் பேரப்பிள்ளைகளின் பள்ளியில் வெளியே விளையாட விடமாட்டார்கள்.

டிசம்பர் என்றால் உங்கள் மகளுக்குச் சூரியன் அடிவானத்தை ஒட்டி நகர்கிற ஒன்று. டொராண்டோவில் அப்போது நண்பகலில்கூட அது 23 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. தூத்துக்குடியில் அதே நாளில் 58 பாகை உயரத்தில் நிற்கும். காற்று இதமாக இருப்பதாலும் மேகம் மூடியிருப்பதாலும் வெயில் இல்லை என்று தோன்றும், ஆனால் தோல் கருகிவிடும். காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை திண்ணையோ மரத்தடியோதான் அவளுடைய இடம். நின்றுகொண்டிருக்கும் காரில் ஒரு நிமிடம்கூட அவளைத் தனியே விடாதீர்கள்.

பனிநாட்டுத் தாய் | செப்டம்பர் 21

ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டிலேயே தங்குவதாக முடிவு செய்துவிட்டோம். கிணற்றுக்கு வலை போட நேற்று ஆள் வந்து அளவெடுத்துப் போனதாக அத்தை சொன்னார்கள். அவர்கள் குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் அண்மையில் கேட்டதில்லை. கன்னியாகுமரியை மட்டும் என் கணவர் விடமாட்டேன் என்கிறார்.

இன்னும் இரண்டு கேள்விகள். முந்திரிப் பருப்பை மகள் இதுவரை சாப்பிட்டதே இல்லை. ஊரில் பலகாரம் எல்லாம் முந்திரியாக இருக்குமே? அடுத்தது நேர மாற்றம். டொராண்டோவுக்கும் ஊருக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வேறுபாடு. 21-ஆம் தேதி ஊர் சேர்ந்து, நான்கு நாளில் பிள்ளையைச் சரிப்படுத்த முடியுமா?

மணப்பாட்டு மகள் | செப்டம்பர் 22

முந்திரிக்குப் பயந்து முந்திரிக்கொத்தை ஒதுக்கிவிடாதீர்கள், அதன் பெயரில்தான் முந்திரி இருக்கிறது. சிறுபயறு, வெல்லம், தேங்காய், எள் சேர்த்து எங்கள் பக்கம் உருட்டுவார்கள். எள் ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் பாருங்கள். உண்மையாகவே முந்திரி இருப்பது தூத்துக்குடி மக்ரூனில். அது முந்திரித் தூள், சர்க்கரை, முட்டையின் வெள்ளைக் கரு மூன்றும்தான். அச்சுமுறுக்கிலும் முட்டை உண்டு.

நேர மாற்றத்தைப் பற்றி எல்லாரும் சொல்வதற்கு மாறாக ஒன்று சொல்கிறேன். நானும் ஒன்டாரியோவில் இருந்தவள், மூன்று வயது மகனோடு இதே வழியாகப் போனவள். கிறிஸ்துமஸ் வரைக்கும் பிள்ளையைச் சரிப்படுத்தப் பாடுபடாதீர்கள். உங்கள் ஊர்க் கோயில்களில் கிறிஸ்துமஸ் ஆராதனை விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்கிவிடும். அந்த நேரம் டொராண்டோவில் முந்தைய நாள் மாலை ஐந்தரை மணி. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தாயின் மடியில் தூங்கி வழிகிற அந்த நேரத்தில் உங்கள் மகள்தான் விளையாட்டு நேரம் போல விழித்திருப்பாள். மார்கழிக் குளிரில் தெருவில் பஜனை பாடி வருவதையும் அவள் முழு விழிப்போடு பார்ப்பாள். 26-ஆம் தேதியிலிருந்து மெல்லத் திருத்துங்கள்.

இலண்டன் செவிலி | செப்டம்பர் 22

நல்ல யோசனை. மதியத் தூக்கத்தை மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளவிடாமல் எழுப்பிவிடுங்கள். காலை வெளிச்சத்தில் அவள் முற்றத்தில் இருக்கட்டும். முந்திரியைப் பொறுத்தவரை, முதல்முறை கொடுத்துப் பார்ப்பதை ஊரில் வைத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மிசிசாகாவிலேயே, ஒரு வார நாளின் காலையில், துளியளவு அரைத்துக் கொடுத்துப் பாருங்கள். ஒத்துக்கொண்டாலும் முழுப் பருப்பு வேண்டாம். ஐந்து வயதுக்குள் அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

ஸ்டுட்கார்ட் தந்தை | செப்டம்பர் 23

உங்கள் முடிவை மதிக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: உறவினர் கைமாற்றிக் கைமாற்றித் தூக்குவதை முதல் இரண்டு நாளாவது தடுத்துவிடுங்கள். அதை உங்கள் அத்தை சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் சொன்னால் வருத்தம் வரும். எங்கள் வீட்டில் அதைச் சொல்ல யாரும் இல்லாமல் போனது.

பனிநாட்டுத் தாய் | ஜனவரி 11

போய் வந்துவிட்டோம். இத்தனை பேர் நேரம் செலவழித்து வழிகாட்டியதால், நடந்ததை எழுதுவது என் கடமை.

திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில் வழியாகக் காரில் போனோம். குழந்தை இருக்கையை இங்கிருந்தே கொண்டுபோயிருந்தோம். நாங்கள் முன்பே கேட்டு உறுதிப்படுத்தியிருந்தும், வந்த வாடகை வண்டியில் பின்னிருக்கைப் பட்டைகள் இருக்கை உறைக்கு அடியில் தைத்து மூடப்பட்டிருந்தன. உறையைப் பிரித்துப் பட்டையை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அதை எடுக்காமல் கிளம்பியிருக்கலாம் என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். இன்னொரு முறை போனாலும் நான் அந்த ஒரு மணி நேரம் நின்றிருப்பேன்.

வாசலில் அத்தை நின்றிருந்தார்கள். மகள் என் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஸ்டுட்கார்ட் ஐயா சொன்னதை நான் முன்பே அத்தையிடம் சொல்லியிருந்ததால், அவர்களே கையை நீட்டவில்லை. வந்த சொந்தக்காரர்களையும், "பிள்ளை தானா வரட்டும்" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். இரண்டு ஆண்டு காத்திருந்த ஒருவருக்கு அது எவ்வளவு கடினம் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

பிள்ளை தானாகப் போனது மறுநாள் மாலை. அத்தை அடுப்படியில் அச்சுமுறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். காய்ந்த எண்ணெயில் சூடேற்றிய இரும்பு அச்சை மாவில் முக்கால் பங்கு முக்கி, மறுபடியும் எண்ணெயில் வைத்து லேசாக உதறினால், பூப்போல ஒன்று அச்சிலிருந்து கழன்று மிதக்கும். மகள் வாசல்படியில் என் மடியில் இருந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறிய முறுக்குகளை ஒரு சுளகில் போட்டு அத்தை அவளிடம் தள்ளிவிட்டார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள், அத்தை எண்ணினார்கள். ஏழாவது முறுக்கில் மகளும் சேர்ந்து "ஏழு" என்றாள். அதன் பிறகு அவளைத் தூக்க யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தொட்டில் கட்டிய சேலையில் காலை வெளியே தொங்கவிட்டபடி அவள் தினமும் ஊஞ்சல் ஆடினாள். கொக்கி வீண்போகவில்லை.

அத்தை எடுத்து வைத்திருந்த கிறிஸ்துமஸ் கவுன் நெட் துணியில், கழுத்தெல்லாம் லேஸ் வைத்தது. போட்டுப் பார்த்த அரை மணி நேரத்தில் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்துவிட்டது. வேறு உடை உடுத்திவிடலாம் என்று நான் நினைத்தேன். அத்தை ஒன்றும் சொல்லாமல் கவுனை எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் தையற்காரரிடம் போய், உள்ளே முழுவதும் மல் துணி வைத்துத் தைத்து, கழுத்து லேஸை வெளிப்பக்கமாக மடித்து அடித்துக் கொண்டுவந்தார்கள்.

மணப்பாட்டுச் சகோதரி சொன்னது அப்படியே நடந்தது. 25 அதிகாலை இரண்டரை மணிக்கு மகள் கண்விழித்துப் பால் கேட்டாள். மூன்று மணிக்கு முதல் மணி அடித்தது. வெடிச் சத்தத்துக்கு மட்டும் பயந்தாள். காதை மூடும் கருவியை மாட்டியதும் அமைதியானாள். கோயிலில் பாடகர் குழு பாடி முடிக்கும் வரை இருக்கையில் நின்றபடியே பார்த்தாள். ஆராதனை முடிந்து குடிலைப் பார்க்கப் போனோம். வைக்கோல் கூரையின் மேல் பனி பெய்தது போலப் பஞ்சைப் பரப்பியிருந்தார்கள். அவள் "ஸ்னோ!" என்று கத்திக்கொண்டு கையை வைத்தாள், வைத்த கையை எடுத்துப் பார்த்தாள், பிறகு அதே பஞ்சை ஆச்சியின் கன்னத்தில் வைத்து, "ஜில்லுனு இல்ல ஆச்சி" என்றாள். பனியையே பார்த்திராத பிள்ளைகள் சுற்றி நின்று, பனி எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டார்கள். காலை எட்டரை மணிக்கு, பந்தியில் பிரியாணி இலைக்கு வருவதற்குள், அத்தையின் தோளில் தூங்கிவிட்டாள்.

எங்கள் தவறையும் எழுதிவிடுகிறேன். 29-ஆம் தேதி கன்னியாகுமரிக்குப் போனோம். சூரிய உதயம் பார்க்க அதிகாலை மூன்றரைக்கே கிளம்பினோம். சபரிமலைக்குப் போய்வரும் கூட்டமும் விடுமுறைக் கூட்டமும் சேர்ந்து கடற்கரையில் நிற்க இடமில்லை. மேகம் மூடியதால் உதயமும் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார இடம் கிடைத்தபோது மணி இரண்டரை. மறுநாள் மாலை மகளுக்கு 39 பாகைக் காய்ச்சல். என் கணவர் அவசரமாக வாங்கிவந்த மருந்துப் புட்டியில் 250 என்று இருந்தது. செவிலிச் சகோதரி எழுதியதைப் படித்திராவிட்டால், இங்கே கொடுப்பது போலவே ஊற்றியிருப்போம். புட்டியை விளக்கடியில் பிடித்துக்கொண்டு எடைக்குக் கணக்குப் போட்டபோது என் கை நடுங்கியது. மருத்துவர் டெங்குப் பரிசோதனை எடுத்தார். இல்லை என்று வந்தது. சாதாரண வைரஸ் காய்ச்சல், மூன்றாம் நாள் விட்டது. அந்த மூன்று நாளும் முற்றத்தைத் தாண்டாமல் அத்தையின் கஞ்சியிலேயே தேறினாள். பட்டியலில் மிச்சம் இருந்த ஊர்களை என் கணவரே அடித்துவிட்டார்.

திரும்பி வந்து நான்கு நாள் ஆகிறது. நேற்று அதிகாலை மூன்று மணிக்கு மகள் எழுந்து, வாசல் கதவருகே தன் செருப்பைத் தேடி எடுத்து, ஒரு காலில் மட்டும் போட்டுக்கொண்டு நின்றாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "மணி அடிக்கலயா அம்மா?" என்று கேட்டாள்.

தேரிக்காடு | ஜனவரி 11

கிணற்று வலையைக் கழற்றிவிடாமல் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள், சகோதரி. அடுத்த முறை வரும்போது அவள் இன்னும் உயரமாக இருப்பாள்.

புதிய வரவு | ஜனவரி 13

இழை முழுவதையும் படித்தேன். வரும் ஈஸ்டருக்கு ஒன்றரை வயது மகளோடு பாளையங்கோட்டைக்குப் போகிறோம். அப்போது வெயில் இன்னும் கடுமையாக இருக்கும். கவுனுக்கு உள்ளே வைத்த துணியைப் பற்றிக் கொஞ்சம் விளக்க முடியுமா?

பனிநாட்டுத் தாய் | ஜனவரி 13

அத்தையிடம் கேட்டு எழுதுகிறேன். கலப்பு நூல் இல்லாத முழுப் பருத்தி மல் துணி, ஒரு மீட்டர் போதும். தைப்பதற்கு முன் இரண்டு முறை துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே உறுத்தும். தையல் விளிம்பு உடம்புப் பக்கம் வராமல் வெளிப்பக்கம் வரும்படி தைக்கச் சொல்லுங்கள். அக்குள் பகுதியில் நெட்டை வெட்டி எடுத்துவிட்டு மல் துணியை மட்டும் விடச் சொன்னதாகவும் அத்தை சொல்கிறார்கள். அது எனக்கே இன்றுதான் தெரிந்தது.